சூடான இடத்தில் ஓடும் வயருக்கு எந்த அளவு? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

"ரெண்டரை ஸ்கொயர் வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்?" வீட்டு வயரிங் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து நிற்கும் கேள்வி இது. (ரெண்டரை ஸ்கொயர் என்றால் வயரின் செம்புக் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்.) 24 என்பார் ஒருவர். 20 என்பார் இன்னொருவர். 16க்கு மேல் ஏற்றாதே என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஒருவர் மனத்தில் சுவர்மேல் தனியாக ஓடும் பைப் இருந்திருக்கும், இன்னொருவர் மனத்தில் வெப்பத்தடுப்புச் சுவருக்குள் புதைத்த பைப், மூன்றாமவர் மனத்தில் கூரைக்கடியில் வெந்துகொண்டிருக்கும் பைப். வயர் எங்கே கிடக்கிறது என்று சொல்லாமல் அது தாங்கும் ஆம்பியரைச் சொல்லவே முடியாது.

வெயில் காயும் கூரைக்கடி, மேல்தளத்துக் கான்கிரீட், அடுப்புக்குப் பின்புறச் சுவர், மேற்கு வெயில் விழும் வெளிச்சுவர் ஆகியவற்றில் போகும் வயருக்கு அளவு பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆனால் ஒன்று: கணக்கை நீங்கள் போடலாம், போர்டைத் திறந்து வேலை செய்வதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கணக்குத் தெரிந்தவர் கேட்டால் அவரும் அட்டவணையை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்வார்.

சூடும் ஆம்பியரும்

கரண்ட் ஓடும் எந்த வயரும் சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகிற வேகமும் உண்டாகிற வேகமும் எங்கே சமமாகிறதோ அந்த வெப்பநிலையில் செம்பு நிற்கும். வீட்டில் சாதாரணமாகப் போடும் பிவிசி உறை வயருக்கு அந்த வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எல்பிஇ என்ற, கூடுதல் சூடு தாங்கும் பிளாஸ்டிக் உறைக்கு 90 டிகிரி.

எந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் ஐஇசி 60364 (மின் வயரிங்குக்கான சர்வதேசத் தரம்) அட்டவணைகள் சுற்றுக் காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அதாவது பிவிசி வயர் சூடேற 40 டிகிரி இடம் இருக்கிறது. அந்த 40 டிகிரியையும் பயன்படுத்திக்கொள்ளும் கரண்ட் எதுவோ, அதுதான் அட்டவணையில் இருக்கும் ஆம்பியர். காற்றே 50 டிகிரி என்றால் மிச்சம் இருப்பது 20 டிகிரிதான். காற்று 70 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த வயரில் ஒரு ஆம்பியர்கூட ஓட்ட இடமில்லை. எவ்வளவு தடிமனான பிவிசி வயர் வாங்கினாலும் இதேதான்.

இப்படி மீறி ஓட்டினால் அன்றைக்கே பற்றி எரியும் என்று நினைக்க வேண்டாம். அப்படி எரிந்தால்கூடச் சீக்கிரம் தெரிந்துவிடும். நடப்பது வேறு: பிவிசியை வளையும் தன்மையோடு வைத்திருக்கும் பொருள் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும், உறை விறைத்து, கையால் மடக்கினாலே வெடிக்கும் நிலைக்கு வரும். வளைவுகளில் சூட்டில் இளகிய உறைக்குள் செம்பு அமுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் உறையின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் (ட்ரிப் ஆகும்) ஸ்விட்சான எம்சிபிக்கு இதெல்லாம் தெரியாது. அது தன் வழியாகப் போகும் கரண்டை மட்டும்தான் பார்க்கும். பத்து மீட்டர் தள்ளிக் கூரைக்கடியில் வயர் என்ன பாடுபடுகிறது என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை.

வயர் போகும் வழியை வரையுங்கள்

ஒரு தாளில் டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தொடங்கி கருவி வரை வயர் போகும் பாதையை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டாம். எந்த இடத்தில் சுவருக்குள், எந்த இடத்தில் மேல்தளத்தில், எந்த இடத்தில் வேறு வயர்களோடு ஒரே பைப்பில் என்று குறித்தால் போதும். இந்தப் படத்தில் மிக மோசமான துண்டு எதுவோ அதுதான் முழு வயரின் அளவையும் தீர்மானிக்கும். இருபது மீட்டர் நிழலில் ஓடி மூன்று மீட்டர் தகரக் கூரைக்கடியில் போனால், அந்த மூன்று மீட்டரை வைத்துத்தான் கணக்கு. சராசரி எடுக்கக் கூடாது. இதற்கு ஒரு சிறிய விலக்கு உண்டு: வயர் ஒரு சுவரை ஊடுருவிப் போகும் இடம் 0.35 மீட்டருக்குள் என்றால், அந்தத் துண்டில் சூடு வெளியேறும் விதம் மாறுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

படம் வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சூடான துண்டைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லையா? புதியவர்கள் பெரும்பாலும் நேராகத் தடிமனான வயருக்குத் தாவுகிறார்கள். இரண்டு மீட்டர் பைப் கூடுதலாகப் போட்டு, சீலிங்குக்குக் கீழே சுவரோரமாகக் கொண்டுவந்தால் பல நேரம் பிரச்சினையே இருக்காது. கீழே ஒரு உதாரணத்தில் இதன் வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

எத்தனை டிகிரி என்று அளந்து பாருங்கள்

ஊகிக்க வேண்டாம். அதிகபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதன் முனையை வயர் போகப்போகும் உயரத்தில், காற்றில் தொங்கும்படி வைத்து, ஆண்டின் சூடான வாரங்களில் சில நாள் அப்படியே விட்டுவிடுங்கள். காட்டும் அதிகபட்சத்தை அடுத்த ஐந்தின் மடங்குக்கு மேலே ஏற்றி எழுதிக்கொள்ளுங்கள். 52 காட்டினால் 55. குளிர்ந்த மாதத்தில்தான் அளக்க முடிகிறது என்றால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; தகர ஷீட்டுக்கடியில் காற்றோட்டமில்லாத இடத்துக்கு 60 டிகிரி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான தொடக்கம், வெயில் காலத்தில் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஷீட்டை நோக்கிச் சுட்டுவிட்டு 70 என்று பதறுவதுண்டு. அது ஷீட்டின் மேற்பரப்புச் சூடு. நமக்கு வேண்டியது வயரைச் சுற்றியிருக்கும் காற்றின் சூடு. பளபளக்கும் உலோகத்தில் அந்தத் துப்பாக்கி தவறாகவும் காட்டும். ஆனால் பைப்பை ஷீட்டோடு ஒட்டிக் கிளிப் அடித்திருந்தால் கதை வேறு. அப்போது ஷீட்டின் சூடு நேராகப் பைப்புக்கு வரும். அப்படி ஒட்டி அடிக்கவே கூடாது, ஓரடி கீழே இறக்கிக் கொண்டுபோனாலே நல்ல வித்தியாசம் கிடைக்கும்.

கான்கிரீட் மேல்தளத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மதியம் உள்ளே போன வெப்பம் மெல்ல இறங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் தளத்தின் அடிப்பகுதியை எட்டும். சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லா ஏசியும் ஓட ஆரம்பிக்கும். ஆகவே தளத்துக்குள் புதைத்த பைப் என்றால் மதியம் அளந்தது போதாது, இரவு ஒன்பது பத்து மணிக்கும் அளந்து பாருங்கள்.

வெளிச்சுவரில் நேர் வெயிலில் கிடக்கும் பைப்புக்குள் இருக்கும் சூடு நிழலில் அளந்த காற்றைவிடக் கூடுதல். ஒரு மறைப்பு கொடுப்பது நல்லது. வெயில் தாங்கும் பைப்பாகவும் இருக்கட்டும்.

லோடு, எம்சிபி

இந்தப் பகுதி எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்பது வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் சூடு தரும் கருவிகளுக்கு அப்படியே பொருந்தும். 3000 வாட் ஹீட்டர், 230 வோல்ட்: 13 ஆம்பியர். மோட்டார் இருக்கும் ஏசி, பம்ப் போன்றவற்றுக்குக் கருவியின் தகட்டிலேயே ஆம்பியர் அச்சிட்டிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். 13 ஆம்பியருக்கு அடுத்த எம்சிபி 16.

இனி வரிசை இதுதான்: லோடு கரண்டைவிட எம்சிபியின் ஆம்பியர் குறையக் கூடாது, எம்சிபியின் ஆம்பியரைவிட வயர் அந்த இடத்தில் தாங்கும் ஆம்பியர் குறையக் கூடாது. பலர் வயரை லோடோடு ஒப்பிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எம்சிபியோடுதான் ஒப்பிட வேண்டும். பிறகு யாராவது அந்த பிளக்கில் இன்னொரு கருவியைச் சேர்த்துச் செருகினால் 16 ஆம்பியர் வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

குறைப்பு எண்கள்

அட்டவணை ஆம்பியரை எதால் பெருக்கிக் குறைக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண் உண்டு. முதலாவது சுற்றுச் சூட்டுக்கான எண். 30 டிகிரி அடிப்படையில்:

35 டிகிரி: பிவிசி 0.94, எக்ஸ்எல்பிஇ 0.96
40 டிகிரி: பிவிசி 0.87, எக்ஸ்எல்பிஇ 0.91
45 டிகிரி: பிவிசி 0.79, எக்ஸ்எல்பிஇ 0.87
50 டிகிரி: பிவிசி 0.71, எக்ஸ்எல்பிஇ 0.82
55 டிகிரி: பிவிசி 0.61, எக்ஸ்எல்பிஇ 0.76
60 டிகிரி: பிவிசி 0.50, எக்ஸ்எல்பிஇ 0.71

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் டிகிரியை, முதலில் இருந்த டிகிரியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரும். பிவிசி, 50 டிகிரி: மிச்சம் 20, முதலில் இருந்தது 40, வகுத்தால் 0.5, அதன் வர்க்கமூலம் 0.71. சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று மேலே சொன்னதன் மறுபக்கம்தான் இந்த வர்க்கமூலம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. எல்லா அட்டவணையும் 30 டிகிரியை அடிப்படையாக வைத்தவை அல்ல. 40 டிகிரியை அடிப்படையாக வைத்த நாட்டுத் தரங்களும் தயாரிப்பாளர் அட்டவணைகளும் உண்டு. 40 டிகிரி அட்டவணையில் ஆம்பியரை எடுத்துவிட்டு, 30 டிகிரிக்கான 0.71ஆல் பெருக்கினால் தேவையில்லாமல் இருமுறை குறைத்ததாகும். அங்கே 50 டிகிரிக்குச் சரியான எண் 0.82. அதற்கு நேர்மாறாக, 30 டிகிரி அட்டவணை ஆம்பியரையும் 40 டிகிரிக்கான குறைப்பு எண்ணையும் சேர்த்தால் வயர் மெலிந்துவிடும், அதுதான் ஆபத்து. அட்டவணையின் தலையிலோ அடியிலோ சிறிய எழுத்தில் அடிப்படை வெப்பநிலை எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். ஆம்பியரும் குறைப்பு எண்ணும் ஒரே புத்தகத்திலிருந்து வரட்டும்.

இரண்டாவது, கூட்டத்துக்கான எண். ஒரே பைப்பில் பல சர்க்யூட்கள் போனால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு. இரண்டு சர்க்யூட் என்றால் 0.80, மூன்று என்றால் 0.70, நான்கு 0.65, ஐந்து 0.60, ஆறு 0.57. எண்ணுவது சர்க்யூட்களை; ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் சேர்ந்தது ஒன்று. எர்த் வயரை எண்ண வேண்டாம், அதில் சாதாரண நேரத்தில் கரண்ட் இல்லை. தான் தாங்கும் (கூட்டத்துக்காகக் குறைத்த) ஆம்பியரில் 30 சதவீதத்தைத் தாண்டாத லோடு மட்டும் ஓடும் சர்க்யூட்டையும் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். நான்கைந்து எல்இடி விளக்கு ஓடும் வயர் இந்தச் சலுகையில் அடங்கிவிடும். ஏசியும் ஹீட்டரும் அடங்காது.

மூன்றாவது, வெப்பத்தடுப்பு. கண்ணாடிப் பஞ்சு, ஃபோம் போன்றவற்றுக்குள் வயர் முழுவதுமாகப் புதைந்து அரை மீட்டருக்கு மேல் ஓடினால், வேறு தகவல் இல்லாத நிலையில், 0.5ஆல் பெருக்க வேண்டும். வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கப் போடும் அதே பஞ்சு வயரின் சூட்டையும் வெளியே விடாது. 50 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய துண்டு புதைந்தால் 0.88, 100 என்றால் 0.78, 200 என்றால் 0.63. வெள்ளைத் தெர்மோகோல் மீது பிவிசி வயர் நேராகப் படக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் பிவிசியின் மென்மைப்பொருள் தெர்மோகோலுக்குள் போய்விடும், வயர் விறைத்துப்போகும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் இரண்டும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கூரைக்கடிதான்.

ஒரே ஹீட்டர், நான்கு விடைகள்

இப்போது எண்களை ஓட்டிப் பார்க்கலாம். சுவர்மேலோ செங்கல் சுவருக்குள்ளோ போகும் பைப்பில் பிவிசி உறைச் செம்பு வயர், ஒரு ஃபேஸ் சர்க்யூட், 30 டிகிரி. இதற்கான ஐஇசி அட்டவணை ஆம்பியர்: 1.5 சதுர மி.மீ. 17.5; 2.5க்கு 24, 4க்கு 32, 6க்கு 41, 10க்கு 57, 16க்கு 76. இதே இடத்தில் எக்ஸ்எல்பிஇ என்றால் 1.5க்கு 23, 2.5க்கு 31, 4க்கு 42, 6க்கு 54.

3000 வாட் ஹீட்டர், 16 ஆம்பியர் எம்சிபி. பைப் கூரைக்கடியில் போகிறது, அளந்த சூடு 55 டிகிரி. அதே பைப்பில் ஏசி சர்க்யூட்டும் போகிறது, ஆக இரண்டு சர்க்யூட்.

குறைப்பு எண்களைப் பெருக்குங்கள்: 0.61 × 0.80 = 0.488. எம்சிபியின் ஆம்பியரை இதனால் வகுங்கள்: 16 ÷ 0.488 = 32.8. அட்டவணையில் 32.8 அல்லது அதற்கு மேல் இருக்கும் முதல் அளவு எது? 4 சதுரத்துக்கு 32தான் இருக்கிறது. மயிரிழையில் தவறிவிட்டது. 6 சதுரம் எடுக்க வேண்டும்.

குளிர்ந்த சுவரில் தனியாகப் போயிருந்தால் 17.5 தாங்கும் 1.5 சதுரமே கணக்கில் தேறியிருக்கும். அதை நம்பி 1.5ஐ இந்தக் கூரைக்கடியில் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். கூட்டத்தோடு அதன் அளவு 17.5 × 0.80 = 14 ஆம்பியர். 14 ஓடினால் 40 டிகிரி ஏறும் என்பது அட்டவணையின் பொருள். ஹீட்டரின் 13 ஆம்பியருக்கு, 13ஐ 14ஆல் வகுத்து வர்க்கம் எடுத்து 40ஆல் பெருக்கினால் 34.5 டிகிரி. கூரைக்கடி 55, மேலே 34.5: செம்பு ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்கும். எம்சிபி 16, ஓடுவது 13. எம்சிபி ஒருபோதும் ட்ரிப் ஆகாது.

சரி, 6 சதுரம்தான் ஒரே வழியா? ஏசி வயருக்கு வேறு பைப் போட்டு, இரண்டு பைப்பையும் நன்றாகத் தள்ளி வைத்தால்: 16 ÷ 0.61 = 26.2. 4 சதுரம் போதும்.

அதே பைப், அதே கூட்டம், ஆனால் எக்ஸ்எல்பிஇ வயர்: 0.76 × 0.80 = 0.608. 16 ÷ 0.608 = 26.3. எக்ஸ்எல்பிஇ 2.5 சதுரம் 31 தாங்கும், போதும்.

கூரைக்கடியையே விட்டுவிட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத அறைச் சுவரில் தனிப் பைப்பாகக் கொண்டுபோனால்: 16 ÷ 0.87 = 18.4. சாதாரணப் பிவிசி 2.5 சதுரமே போதும்.

ஹீட்டர் ஒன்றுதான். 6, 4, எக்ஸ்எல்பிஇ 2.5, பிவிசி 2.5 என்று நான்கு விடை. என்னைக் கேட்டால் நான்காவதைத்தான் முதலில் முயல்வேன். சூடான இடத்தில் வயர் போகாவிட்டால் வருங்காலத்தில் யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தடிமனான வயருக்கு அப்படியில்லை. ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் வந்து "பைப்பில் இடம் இருக்கிறதே" என்று மூன்றாவது சர்க்யூட்டை இழுத்துவிட்டால் நீங்கள் போட்ட கணக்கு அங்கேயே முடிந்தது.

தொடர்ந்து மணிக்கணக்கில் முழு லோடு ஓடும் சர்க்யூட்களில் இந்தக் கணக்கைத் தளர்த்தவே கூடாது. மின்சார கார் சார்ஜர் இதற்குச் சரியான உதாரணம். 32 ஆம்பியர், பல மணி நேரம், ஓய்வில்லாமல். 40 டிகிரியில் தனிப் பைப் என்றால் 32 ÷ 0.87 = 36.8, ஆக 6 சதுரம். அதுவே 50 டிகிரி என்றால் 32 ÷ 0.71 = 45.1, 10 சதுரம்.

தூரம் அதிகமானால்

சூட்டுக்காக எடுத்த அளவு வோல்டேஜ் வீழ்ச்சிக்கும் போதுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் விழும் என்பது, போய்த் திரும்பும் இரண்டு வயரையும் சேர்த்து, பிவிசி செம்பு வயருக்கு: 1.5க்கு 29, 2.5க்கு 18, 4க்கு 11, 6க்கு 7.3, 10க்கு 4.4. இந்த எண்கள் செம்பு 70 டிகிரியில் இருக்கும்போது உள்ளவை; சூடான செம்புக்குத் தடை கூடுதல் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. ஐஇசி பரிந்துரைப்பது விளக்குக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம். 230 வோல்ட்டில் 6.9, 11.5 வோல்ட். நம் ஹீட்டர் 18 மீட்டரில் இருந்தால், 2.5 சதுரத்தில் 18 × 13 × 18 = 4212 மில்லிவோல்ட், அதாவது 4.2 வோல்ட். கவலையில்லை. சாதாரண வீட்டின் நீளங்களில் சூடுதான் முதலில் முட்டும். தோட்டத்துப் பம்ப் மாதிரித் தொலைவில் இருப்பவற்றுக்கே இந்தக் கணக்கு மேலோங்கும்.

வயரின் இரண்டு முனைகள்

எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி தாங்கும் என்று படித்ததும் எல்லாவற்றுக்கும் அதையே போட்டு, அளவைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். வயர் தாங்கும். அது போய்ச் சேரும் ஸ்விட்ச், சாக்கெட், எம்சிபி? வீட்டுச் சாதனங்களின் டெர்மினல்கள் பெரும்பாலும் 70 டிகிரி வயருக்காகச் செய்யப்பட்டவை. 90 டிகிரியில் செம்பு நேராக அதற்குள் போனால் வயருக்குப் பதிலாக சாக்கெட் வெந்துபோகும். ஆகவே இரட்டைக் கணக்குப் போடுங்கள். சூடான துண்டுக்கு எக்ஸ்எல்பிஇ எண்களை வைத்துப் பாருங்கள். பிறகு சாதனம் இருக்கும் குளிர்ந்த அறையில் அதே அளவைப் பிவிசி எண்களை வைத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் 2.5 சதுரம், 40 டிகிரி அறை, பிவிசி எண்: 24 × 0.87 = 20.9. எம்சிபி 16தான், ஆகவே டெர்மினலுக்கும் தொந்தரவில்லை. இரண்டிலும் தேறினால்தான் அந்த அளவை எடுக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. கணக்கு 6 சதுரம் என்று சொல்லிவிட்டது, 16 ஆம்பியர் சாக்கெட்டின் துளையிலோ அது நுழைய மறுக்கிறது. அப்போது சில பேர் நாலைந்து இழையை வெட்டிவிட்டு மிச்சத்தைத் திணிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சூடான பகுதியைத் தாண்டி, கைக்கு எட்டும் குளிர்ந்த இடத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, நல்ல கனெக்டரில் 6ஐ 2.5க்கு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் அது இருக்கும் இடத்தில் 16 ஆம்பியருக்கு மேல் தாங்கினால் விதி மீறல் எதுவும் இல்லை. ஆனால் அந்த பாக்ஸைக் கூரைக்கடிக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் ஸ்க்ரூ தளரும். தளர்ந்த இணைப்பு தானே சூடாகும். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் அந்த ஒரு ஸ்க்ரூவில் கருகும்.

அலுமினிய வயர் என்றால் அதே அளவில் செம்பு தாங்குவதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் இருக்கும் வயரும் சந்தையில் உண்டு. இழையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளை தெரிந்தால் மேலே கொடுத்த எண் எதுவும் அதற்குப் பொருந்தாது.

டிபி பாக்ஸும் சூடான இடமா?

வீட்டு எம்சிபிகள் 30 டிகிரியில் அளவிடப்பட்டவை. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் வளைந்துதான் ட்ரிப் செய்கிறது. வெயில் விழும் சுவரில், மூடிய பெட்டிக்குள், பக்கத்துக்குப் பக்கம் நெருக்கி வைத்த எம்சிபிகள் தங்கள் ஆம்பியருக்கு முன்பே ட்ரிப் ஆவது இயல்பு. மதியத்தில் மட்டும் ட்ரிப் ஆகிறது என்று புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், கூடவே தளர்ந்த ஸ்க்ரூவையும். பெட்டியை நிழலுக்கு மாற்றலாம், நிறைய லோடு ஓடும் எம்சிபிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்காமல் இடைவெளி விடலாம். 16ஐக் கழற்றிவிட்டு 20ஐ மாட்டுவது மட்டும் தீர்வாகாது. வயர் அதே வயர்தானே? பாக்ஸ் இருக்கும் இடம் சூடாக இருப்பதைக் காட்டிக்கொடுத்த ஒரே சாதனத்தின் வாயை அடைத்ததுதான் மிச்சம்.

அடுப்பு, விளக்கு, வெந்நீர்க் குழாய்

இங்கே அளவைவிட உறையின் வகைதான் முக்கியம். ஓவனுக்கு நேர் பின்னால் சாக்கெட் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். கருவிக்குள் போகும் கடைசி ஒரு மீட்டருக்குத் தயாரிப்பாளர் சொன்ன வெப்பம் தாங்கும் வயரைத்தான் பயன்படுத்த வேண்டும். சிலிகான் ரப்பர் உறை 180 டிகிரி வரை தாங்கும், ஆனால் எளிதில் கிழியும், கூர்மையான தகட்டு விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் விளக்கின் முதுகில் வயர் படுத்துக் கிடக்கக் கூடாது. வெந்நீர்க் குழாயோடு வயர் பைப்பைச் சேர்த்துக் கட்டுவது வசதியாகத்தான் இருக்கும், கட்டாதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் குழாய்க்கு உறை போடுங்கள்.

ஏற்கெனவே போட்ட வயர் என்றால்

வீடு கட்டி முடிந்து, பைப்பெல்லாம் தளத்துக்குள் போய்விட்டது. மேலே சொன்னதைப் படித்துவிட்டு உங்கள் ஹீட்டர் வயரைக் கணக்குப் போட்டால் தேறவில்லை. சுவரை உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பைப்பில் கூட்டம் குறையுமா என்று பாருங்கள். ஒரு சர்க்யூட்டை வெளிப்பக்கமாக வேறு வழியில் மாற்றினாலே 0.80 என்ற எண் காணாமல் போகும். அடுத்து, அதே பைப்பின் வழியாகப் பழைய பிவிசியை இழுத்துவிட்டு எக்ஸ்எல்பிஇ இழுக்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அளவு மாறாததால் பைப்பில் இடப் பிரச்சினை வராது. இழுக்கும்போது பழைய வயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளைத்தால் உறை விரிசல் விட்டால், அந்தக் கூரைக்கடியில் போகும் மற்ற வயர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டும் முடியாதென்றால் எம்சிபியைக் கீழே இறக்குங்கள். 55 டிகிரியில் இரண்டு சர்க்யூட்டோடு போகும் 2.5 சதுரப் பிவிசி தாங்குவது 24 × 0.488 = 11.7 ஆம்பியர். அதற்கு 10 ஆம்பியர் எம்சிபிதான் பொருந்தும். 3000 வாட் ஹீட்டர் அதில் நிற்காது. 2000 வாட் ஹீட்டர் எடுப்பது 8.7 ஆம்பியர், அது நிற்கும். தண்ணீர் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். டிபியின் மூடிக்கு உள்பக்கம் "10 ஆம்பியருக்கு மேல் மாற்றக் கூடாது, வயர் கூரைக்கடியில் போகிறது" என்று அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.